முதல் ஃபெண்டரை எதில் செய்வது: ஷீட்டா, பட்டியா, தகடா, பிரிண்டரா?

பெட்டியில் வந்ததை வந்தபடியே ஒட்டி, பெயின்ட் அடித்து, அலமாரியில் வைத்த மாடல் கார் ஒன்றோ இரண்டோ உங்களிடம் இருக்கும். மூன்றாவதைக் கையில் எடுக்கும்போதுதான் அந்த ஆசை வருகிறது. இந்தச் சக்கரத்துக்கு மேலே ஃபெண்டர், அதாவது சக்கரத்தை மூடி வளைந்திருக்கும் பகுதி, இன்னும் கொஞ்சம் புடைத்திருந்தால் எப்படி இருக்கும்? முன் பம்பரின் அடியில் தட்டையாக நீளும் ஒரு ஸ்ப்ளிட்டர், பின்னால் வாத்து வால் மாதிரி ஒரு ஸ்பாய்லர் வைத்தால்? நாமே செய்து பார்ப்போமே என்று தோன்றிவிட்டால், அடுத்த கேள்வி உடனே வந்து நிற்கும். எதில் செய்வது?

யாரைக் கேட்டாலும் தன் கைக்குப் பழகிய பொருளைத்தான் சொல்வார். பிளாஸ்டிக் ஷீட் போதும் என்பார் ஒருவர். பிசைந்து வைத்தால் இறுகிக்கொள்ளும் எபாக்ஸி பட்டி இல்லாமல் வளைவு வராது என்பார் இன்னொருவர். 3டி பிரிண்டர் வந்த பிறகும் எதற்கு இந்தப் பாடு என்பார் மூன்றாமவர். மூவரும் சொல்வது சரிதான், அவரவருடைய நாற்பதாவது காருக்கு. முதல் காருக்கு நான் இரண்டு விஷயத்தை மட்டும் பார்ப்பேன். செய்தது கோணலாகிவிட்டால் காரின் உடம்புக்குச் சேதமில்லாமல் பின்வாங்க முடியுமா? இடது பக்கம் செய்ததை வலது பக்கமும் அதே மாதிரி செய்ய முடியுமா? பளபளப்பு, வேகம், செலவு எல்லாம் அப்புறம்.

பொருளுக்குள் போகும் முன் ஒரு சின்னக் கணக்கு. 1/24 அளவில், அதாவது நிஜத்தை 24-இல் ஒரு பங்காகச் சுருக்கினால், நான்கரை மீட்டர் நீளக் கார் 18.75 செ.மீ. ஆகிவிடும். அதே அளவில் 1 மி.மீ. கனமுள்ள பிளாஸ்டிக் துண்டு, நிஜக் காரில் 24 மி.மீ. கனமுள்ள பலகைக்குச் சமம். நிஜக் காரின் மேல்தகடோ பெரும்பாலும் 1 மி.மீ.க்கும் குறைவு. அதை 24-ஆல் வகுத்தால் வரும் கனத்தில் எந்தப் பொருளை வெட்டி ஒட்ட முடியும்? முடியாது. அதனால் எல்லாரும் ஒரே ஏமாற்று வேலையைத்தான் செய்கிறோம். பாகத்தைத் தடிமனாகவே செய்துவிட்டு, கண்ணுக்குத் தெரியும் விளிம்பை மட்டும் உட்பக்கமிருந்து சாய்வாகத் தேய்த்து மெல்லியதாக்கிவிடுவது. புதிதாகச் செய்பவரின் ஸ்பாய்லர் ஏன் பொம்மைக் கார் ஸ்பாய்லர் மாதிரி இருக்கிறது என்று பார்த்தால், பத்துக்கு எட்டு முறை வடிவத்தில் தவறே இருக்காது. விளிம்பு தடித்திருக்கும், அவ்வளவுதான். ஆகவே எந்தப் பொருளை எடுத்தாலும், அதன் விளிம்பு உடையாமல் எவ்வளவு மெலியும் என்பதையும் பார்க்க வேண்டும்.

அடிப்படைக் கார் எது என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடலாம். தனித்தனிப் பாகங்களாக வந்து நாம் ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் கிட்டா, உலோகத்தை அச்சில் வார்த்துச் செய்த, இரும்பு மாதிரி கனக்கும் டைகாஸ்ட் காரா? டைகாஸ்டின் உடம்பு துத்தநாகக் கலவை. பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டும் சிமென்ட் அதில் வேலை செய்யாது. சூப்பர் குளூவோ எபாக்ஸியோதான் பிடிக்கும், அதுவும் பெயின்டைச் சுரண்டி உலோகத்தைக் கீறிவிட்ட பிறகு. சக்கர வளைவைப் பெரிதாக்க வேண்டும் என்றால் அரமும் டிரில்லும் வேண்டும். உள்ளங்கைக்குள் அடங்கும் 1/64 கார்களில் இன்னொரு சிக்கல். நிஜக் காரில் 5 செ.மீ. புடைத்த ஃபெண்டர் அதில் 0.8 மி.மீ. கூட வராது. கடுகில் சிற்பம் செதுக்குவதற்குச் சமம். 1/24-இல் அதே புடைப்பு 2 மி.மீ.க்குச் சற்று மேல். கண்ணுக்கும் தெரியும், விரலுக்கும் அகப்படும். 1/24 அல்லது 1/25 பிளாஸ்டிக் கிட் என்று வைத்துக்கொண்டே மேலே பேசுகிறேன்.

ஷீட்: நேர்கோட்டின் நண்பன்

கிட்டின் உடம்பு பாலிஸ்டைரீன். கடையில் விற்கும் வெள்ளை ஸ்டைரீன் ஷீட்டும் அதே பொருள்தான். இதன் பெரிய பலமே இதுதான். சிமென்ட் என்று நாம் சொல்லும் தண்ணீர் மாதிரியான திரவம் உண்மையில் பசையே இல்லை. இரண்டு பரப்பையும் மேலோட்டமாகக் கரைத்து ஒன்றாக்கிவிட்டுத் தான் ஆவியாகிப் போய்விடும். மறுநாள் பார்த்தால் ஒட்டிய இடம் ஒரே பிளாஸ்டிக். மேலே தேய்த்தாலும் இரண்டும் ஒரே வேகத்தில் தேயும்.

வெட்டுவதும் சுலபம். ஷீட்டை முழுவதும் அறுக்க வேண்டியதில்லை. உலோக ஸ்கேலை வைத்து, கட்டர் கத்தியால் இரண்டு மூன்று முறை லேசாகக் கோடு கிழித்து, கோட்டின் இருபுறமும் பிடித்து மடக்கினால் 'டிக்' என்று ஒரு சத்தம். கோட்டோடு உடைந்து வந்துவிடும். அந்தச் சத்தம் சரியாகக் கேட்கும் வரை பழகிக்கொண்டாலே பாதி வேலை தெரிந்த மாதிரி. உடையாமல் நீளமாக இழுபட்டால் கோடு ஆழம் போதவில்லை என்று அர்த்தம். பழக 0.5 மி.மீ. ஷீட் நல்லது. கட்டமைப்புக்கு 1 மி.மீ. வைத்துக்கொள்ளலாம். 0.25 மி.மீ. ஷீட் மேல்தோலுக்கு. சிமென்ட் கொஞ்சம் அதிகமானாலும் அது நெளிந்துவிடும் என்பதால் அதை முதலில் தொட வேண்டாம்.

ஸ்பாய்லர், ஸ்ப்ளிட்டர், கதவுக்குக் கீழே ஓரமாக ஓடும் சைடு ஸ்கர்ட், பானெட் மேல் காற்றுத் திறப்பு, பெட்டி மாதிரியான ஃபெண்டர் என்று தட்டையான பாகம் எதுவானாலும் ஷீட்தான். ஒரு திசையில் வளைவதும் முடியும். பட்டையாக வெட்டி, ஒரு குழாயைச் சுற்றி டேப் ஒட்டி, கொதிநிலைக்கு அருகிலுள்ள வெந்நீரில் முக்கி எடுத்து, ஆறவிட்டால் வளைவு அப்படியே நிற்கும். இரண்டு திசையிலும் ஒரே நேரத்தில் வளைய வேண்டும் என்றால்தான் ஷீட் கைவிரிக்கும். முட்டை ஓட்டின் மேல் காகிதத்தைச் சுருக்கமில்லாமல் ஒட்டிப் பாருங்கள், புரியும்.

சுற்றுவழி உண்டு. ஷீட் துண்டுகளை அடுக்கடுக்காக ஒட்டி ஒரு கட்டியாக்கி, அதைத் தேய்த்து வடிவம் எடுக்கலாம். ஆனால் இதற்குப் பொறுமை வேண்டும். அகலமான இரண்டு பரப்புகளுக்கு நடுவே சிக்கிய சிமென்ட் வெளியேறப் பல நாள் ஆகும். அதற்குள் தேய்த்துப் பெயின்ட் அடித்துவிட்டால், பின்னால் அந்த இடம் மெல்ல உள்வாங்கி, ஒட்டிய கோடுகள் மேலே தெரிய ஆரம்பிக்கும். அடுக்கி ஒட்டினால் ஒரு வாரம் ஓரமாக வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பதே நல்லது.

பட்டி மூன்று வகை, மூன்றும் வேறு வேறு

பட்டி என்று பொதுவாகச் சொன்னாலும் கடையில் மூன்று வேறு சரக்குகள் அந்தப் பெயரில் இருக்கின்றன. இந்தக் குழப்பத்தில்தான் என் முதல் கார் போனது.

முதல் வகை, பற்பசை மாதிரிக் குழாயில் வருவது. பிதுக்கி, தடவி, காயவிட்டுத் தேய்க்கலாம். கலக்கும் வேலை இல்லை. இவ்வளவு சுலபமான பொருளை விட்டுவிட்டு வேறு எதற்குப் போவானேன் என்று, ஒரு சக்கர வளைவின் மேல் மூன்று மி.மீ. உயரத்துக்கு இதையே அப்பினேன். மேலே காய்ந்தது. தேய்த்தேன். பார்க்க அழகாக இருந்தது. சிவப்பு பெயின்டும் அடித்தாயிற்று. மூன்று வாரம் கழித்து எடுத்துப் பார்த்தால் ஃபெண்டரின் நடுவே கட்டை விரல் பதிந்த மாதிரி ஒரு பள்ளம். இந்த வகைப் பட்டி உள்ளிருக்கும் கரைப்பான் ஆவியாவதால்தான் காய்கிறது. ஆவியாகப் போனதன் அளவுக்குச் சுருங்கும். தடிமனாக அப்பினால் அந்தக் கரைப்பான் வெளியே போக வழியில்லாமல் அடியிலிருக்கும் கிட் பிளாஸ்டிக்கையும் இளக்கிவிடும். என் காரில் உட்பக்கம் தொட்டுப் பார்த்தபோது பிளாஸ்டிக் அலை அலையாக இருந்தது. இது கீறலையும் இணைப்புக் கோட்டையும் அடைக்க மட்டும். பாகம் செய்ய இதைத் தொடவே கூடாது.

இரண்டாவது, எபாக்ஸி பட்டி. இரண்டு கட்டிகள். இரண்டிலும் சம அளவு கிள்ளி, நிறம் ஒன்றாகும் வரை பிசைய வேண்டும். கோடு கோடாக இரண்டு நிறமும் தெரிந்தால் இன்னும் பிசைய வேண்டும் என்று அர்த்தம், அரைகுறையாகப் பிசைந்த இடம் கடைசி வரை இறுகாது. பிசைந்த பிறகு சப்பாத்தி மாவு மாதிரி சொன்னபடி கேட்கும். வகையைப் பொறுத்துச் சில நிமிடத்திலிருந்து ஒன்றிரண்டு மணி நேரம் வரை அப்படியே இருக்கும். அதற்குள் விரலைத் தண்ணீரில் நனைத்துத் தடவித் தடவியே பெரும்பாலான வடிவத்தைக் கொண்டுவந்துவிடலாம். இறுகும்போது வேதிவினையால் இறுகுவதால் சுருக்கம் இல்லை என்றே சொல்லலாம். எந்தத் தடிமனிலும் வைக்கலாம், எந்தப் பக்கமும் வளைக்கலாம். ஷீட் கைவிரித்த இடத்தில் இது கைகொடுக்கும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது பிரித்தெடுக்கும் வித்தை. சக்கர வளைவைச் சுற்றி உடம்பின் மேல் மெல்லியதாக வாஸலின் தடவி, அதன் மேல் பட்டியை வைத்து வடிவம் செய்து, மறுநாள் வரை விட்டுவிடுங்கள். பிறகு ஓரத்தில் நகத்தால் நெம்பினால் 'பட்' என்று ஓடு மாதிரி முழுசாகக் கழன்று வரும். உட்பக்கம் காரின் உடம்பு அச்சாகப் பதிந்திருக்கும். அதைத் தனியாக வைத்துத் தேய்க்கலாம், விளிம்பை மெலிதாக்கலாம், பிடிக்காவிட்டால் குப்பையில் போட்டுவிட்டு இன்னொன்று செய்யலாம். காருக்கு ஒரு கீறல்கூட விழாது. பின்வாங்க முடியுமா என்ற முதல் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எந்தப் பொருளிலும் இல்லை. ஒட்டும்போது வாஸலினைச் சோப்புத் தண்ணீரில் சுத்தமாகக் கழுவிவிட வேண்டும், அதை மறந்தால் பெயின்ட் நிற்காது.

குறையும் உண்டு. இறுகிய பட்டி பெரும்பாலும் பிளாஸ்டிக்கைவிடக் கடினம். உடம்போடு ஒட்டிவிட்டு விரலால் உப்புத்தாளை அழுத்தித் தேய்த்தால், மெத்தென்ற பிளாஸ்டிக்தான் முதலில் தேயும். பட்டி மேடாக நிற்க, அதைச் சுற்றிப் பள்ளம் விழும். உப்புத்தாளை ஒரு சின்ன மரத்துண்டில் சுற்றித் தேய்த்தால் இந்தத் தொல்லை குறையும். மெல்லிய விளிம்பும் இதில் நொறுங்கும். ஒரு மி.மீ.க்குக் கீழே போனால் கீழே விழும் முதல் நாளே ஒரு துண்டு காணாமல் போகும். கையுறை போட்டுக்கொண்டு பிசையுங்கள். அடிக்கடி வெறுங்கையால் தொட்டுச் சிலருக்குத் தோல் அலர்ஜி வந்து, பிறகு எபாக்ஸி பக்கமே போக முடியாமல் ஆவதுண்டு.

மூன்றாவது பாலியெஸ்டர் பட்டி. நிஜக் காரின் நசுங்கலுக்கு ஒர்க்‌ஷாப்பில் பட்டி பார்க்கிறார்களே, அதே குடும்பம். கூழில் மிகக் கொஞ்சம் ஹார்டனர், அதாவது இறுக வைக்கும் பொருள், கலந்தால் போதும், பத்துப் பதினைந்து நிமிடத்தில் இறுகிவிடும். அரை மணியில் தேய்க்கலாம். தேய்ப்பதற்கு இதைப் போல் சுகமான பொருள் வேறில்லை, வெண்ணெய் மாதிரி வழியும். அவசரக்காரர்களுக்கு வரம்தான். ஆனால் நாற்றம் வீடு முழுக்கப் பரவும். திறந்த வெளியும் முகமூடியும் கட்டாயம் வேண்டும். ஹார்டனர் கூடினால் கத்தியில் இருக்கும்போதே இறுகும், குறைந்தால் நாள் முழுக்கப் பிசுபிசுக்கும். இந்த அளவு கைக்குப் பழக நாலைந்து கலவை வீணாகும். இரண்டாவது காருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தகடும் காகிதமும்

குளிர்பான டின்னின் பக்கவாட்டுத் தகடு சுமார் 0.1 மி.மீ. தான் இருக்கும். 1/24 கணக்கில் இரண்டரை மி.மீ.க்கும் குறைவு. மேலே சொன்ன தடித்த விளிம்புப் பிரச்சினையே இதில் கிடையாது. பந்தயக் கார் ஸ்பாய்லரின் இரு முனைத் தகடுகள், பம்பர் ஓரத்தில் மீசை மாதிரி நிற்கும் சிறு சிறகுகள், இவற்றுக்கு இதை அடிக்க ஆளில்லை. கத்தரிக்கோலே போதும். ஆனால் ஒரு தடவை மடிந்தால் அந்த மடிப்பு ஆயுசுக்கும் போகாது. ஓரம் விரலை அறுக்கும். சூப்பர் குளூவோ எபாக்ஸியோதான் பிடிக்கும். உலோகத்துக்கென்று உள்ள ப்ரைமர் (பெயின்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) இல்லாமல் பெயின்ட் அடித்தால் நகம் பட்டதும் உரிந்து வரும். ஃபெண்டர் செய்ய இது ஆகாது. ஓரிரண்டு சில்லறைப் பாகத்துக்குச் சரி.

காகித அட்டையைச் சூப்பர் குளூவில் ஊறவைத்தால் பிளாஸ்டிக் மாதிரி விறைத்துக்கொள்ளும், அதிலேயே முழு ஃபெண்டர் செய்தவர்களும் இருக்கிறார்கள். தேய்த்தால் பஞ்சு பஞ்சாகக் கிளம்பும், திரும்பக் குளூ விட வேண்டும். மாதிரி வெட்டிப் பார்க்க மட்டும் அட்டையைப் பயன்படுத்துங்கள். ஷீட்டில் கத்தி வைக்கும் முன் அட்டையில் மூன்று முறை வெட்டிப் பார்ப்பவர் ஷீட்டை வீணாக்குவதில்லை.

வடிவம் இன்னும் மனதில் தெளியவில்லை என்றால் குழந்தைகள் விளையாடும் களிமண்ணைக் காரின் மேல் அப்பிப் பாருங்கள். கார் நிறுவனங்களே இன்றும் புதுக் காரைக் களிமண்ணில் செய்து பார்க்கின்றன. ஜெனரல் மோட்டார்ஸில் 1927-இல் வடிவமைப்புப் பிரிவைத் தொடங்கிய ஹார்லி எர்ல் அந்த வழக்கத்தைப் பரப்பியவர். அவருக்கே தேவைப்பட்டதென்றால் நமக்கு என்ன வெட்கம்?

பிரிண்டர் இருந்தால்?

3டி பிரிண்டரில் செய்தது கைவேலையா என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. ஒரு விஷயத்தில் அதற்கு நிகரே கிடையாது. இடது ஃபெண்டரைக் கணினியில் வரைந்துவிட்டால், கண்ணாடிப் பிம்பமாகத் திருப்ப ஒரு சொடுக்கு போதும். வலது ஃபெண்டர் தயார். ரெசின் என்னும் திரவப் பிளாஸ்டிக்கை ஒளியால் இறுக்கி அச்சிடும் ரெசின் பிரிண்டர் 0.05 மி.மீ. அடுக்குகளாக அச்சிடும், தேய்க்க வேண்டியதும் கொஞ்சம்தான்.

ஆனால் அந்த ஃபெண்டர் எதன் மேல் உட்கார வேண்டும்? உங்கள் கிட்டின் உடம்பு மேல். அந்த உடம்பின் வளைவு கணினியில் இல்லை. காலிபர் என்னும் நுண் அளவுகோலும் காகிதமும் வைத்து அளந்து, வரைந்து, அச்சிட்டு, வைத்துப் பார்த்து, இடைவெளி தெரிந்து, திரும்ப வரைந்து, திரும்ப அச்சிட்டு... கணினியில் முப்பரிமாண வரைதல் ஏற்கெனவே தெரிந்தவருக்கு இது ஒரு வாரயிறுதி வேலை. தெரியாதவர் திரையின் முன்னாலேயே மாதக்கணக்கில் உட்கார்ந்திருப்பார், மேசையில் காரின் மேல் தூசி படியும். இறுகாத ரெசின் தோலுக்கு ஆகாது. கையுறை வேண்டும், அச்சிட்டதை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவ வேண்டும், புற ஊதா விளக்கில் இறுக வைக்க வேண்டும். பிளாஸ்டிக் சிமென்ட் இதையும் ஒட்டாது. மாடல் கார் செய்ய ஆசைப்பட்டவர் முடிவில் பிரிண்டர் பராமரிப்பில் தேர்ந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

கூடவே சிலர் சிலிக்கோன் அச்சில் ரெசின் வார்க்கலாமே என்பார்கள். வார்ப்பு நகல் எடுக்கும், பிம்பமாகத் திருப்பாது. இடது முன் ஃபெண்டரை வார்த்தால் இரண்டு இடது முன் ஃபெண்டர்தான் கிடைக்கும். ஒரே வடிவத்தை ஐந்து காருக்குப் போடும் நாள் வந்தால் அதைப் பற்றி யோசிக்கலாம்.

வலது பக்கம் என்னும் சோதனை

இடது பக்க ஃபெண்டரை யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். ஒப்பிட எதுவும் இல்லாததால் அது எப்படி வந்தாலும் சரியாகவே இருக்கும். வலது பக்கத்தில்தான் கை நடுங்கும். பட்டியை மட்டும் நம்பிச் செய்பவர் இங்கேதான் மாட்டுவார். கண் பார்த்துத் தடவிச் செய்த வளைவை எதிர்த் திசையில் அதே கண்ணால் தடவிக் கொண்டுவருவது தேர்ந்த கைக்கே கடினம். இடதைக் கொஞ்சம் தேய்ப்போம், இப்போது வலது பெரிதாகத் தெரியும், அதைத் தேய்ப்போம். குரங்கு அப்பம் பங்கிட்ட கதைதான். கடைசியில் இரண்டு பக்கமும் ஃபெண்டர் இருந்த சுவடே இருக்காது.

ஷீட்டின் உண்மையான பலம் எனக்கு இங்கேதான் புரிந்தது. இரண்டு ஷீட் துண்டுகளை இருபக்க டேப் வைத்து ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டி, ஃபெண்டரின் பக்கவாட்டுக் கோட்டை மேலே வரைந்து, இரண்டையும் சேர்த்தே வெட்டி, சேர்த்தே அரத்தால் ராவுங்கள். பிரித்தால் ஒரே அச்சில் இரண்டு. ஒன்றைத் திருப்பிப் போட்டால் வலது. கண் பார்வையை நம்ப வேண்டியதே இல்லை. இந்தத் துண்டுதான் ஃபெண்டரின் வெளி விளிம்பு. இதைச் சக்கர வளைவிலிருந்து 2 மி.மீ. வெளியே நிறுத்த, அதே உயரத்தில் நாலைந்து சின்ன ஷீட் துண்டுகளை உட்பக்கம் முட்டுக்கொடுத்து ஒட்டுங்கள். இப்போது எலும்புக்கூடு தயார். அதற்கும் உடம்புக்கும் நடுவிலுள்ள இடைவெளியை எபாக்ஸி பட்டியால் நிரப்பி, ஈரவிரலால் இழுத்துவிடுங்கள். விளிம்பு எங்கே என்று ஷீட் சொல்லிவிட்டது, உடம்பு எங்கே என்று கார் சொல்லிவிட்டது. நடுவில் தவறு செய்யப் பட்டிக்கு இடமே குறைவு. வெளியே தெரியும் விளிம்பு ஷீட் என்பதால் உட்பக்கமிருந்து மெலிதாக்கினாலும் நொறுங்காது. வாஸலின் வித்தையையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். முட்டுத் துண்டுகளை உடம்போடு ஒட்டாமல் விளிம்பில் மட்டும் ஒட்டி, டேப்பால் பிடித்துவைத்துப் பட்டி போட்டால் முழு ஃபெண்டரும் கழன்று வரும்.

ஒத்திருக்கிறதா என்று பார்க்க, காரை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து முன்னாலிருந்து நிழலுருவை மட்டும் பாருங்கள். பிறகு கண்ணாடியில் பாருங்கள். அரை மி.மீ. வித்தியாசம்கூடக் கண்ணாடியில் கன்னத்தில் அறைந்த மாதிரித் தெரியும். அதன் பிறகுதான் சாம்பல் நிற ப்ரைமர். 320 எண் உப்புத்தாளில் (எண் கூடக் கூடத் தாள் நைசாகும்) வடிவம், 600-இல் கீறல் நீக்கம், ப்ரைமர், திரும்ப 600. தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூசி பறக்காது.

அப்படியானால் என் ஓட்டு

ஷீட் எலும்பு, எபாக்ஸி சதை. முதல் காருக்கு இந்த இரண்டும் போதும். மற்றதெல்லாம் தேவை வந்தால்.

எந்த மாதிரி ஃபெண்டர் என்பதிலும் ஒரு சலுகை எடுத்துக்கொள்ளுங்கள். 1975-இல் வந்த போர்ஷே 911 டர்போவைப் பாருங்கள். பின்பக்கம் புடைத்திருந்தாலும் எங்கே உடம்பு முடிகிறது, எங்கே ஃபெண்டர் தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. அழகுதான். ஆனால் அந்த வழவழப்பை மாடலில் கொண்டுவருவது நாள்கணக்கில் தேய்க்கும் வேலை. இதற்கு மாறாக, 1970-களின் தொடக்கத்தில் வந்த இரண்டு கதவு நிசான் ஸ்கைலைன் ஜி.டி.ஆரைப் பாருங்கள். பின் சக்கரத்துக்கு மேல் தனி ஃபெண்டரை வைத்து முடுக்கியிருப்பார்கள். இணைப்புக் கோடு வெளிப்படையாகத் தெரியும், தெரிய வேண்டும். இன்றைக்குத் தெருவில் ஓடும் அகல ஃபெண்டர் கார்கள் பலவும் இந்த வழிதான். புதியவருக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? உடம்போடு கரையாத ஃபெண்டர் நிஜத்திலும் அப்படியே. தனியாகச் செய்து, தனியாகப் பெயின்ட் அடித்து, கடைசியில் ஒட்டலாம். முடுக்கிய ஆணித்தலைக்கு அரை மி.மீ. வட்டத் துண்டுகள் ஐந்தாறு போதும். மெல்லிய பிளாஸ்டிக் கம்பியைச் சீவினால் கிடைக்கும்.

பெரிய ஸ்பாய்லர்தான் முதலில் வேண்டும் என்பவருக்கும் வழி இருக்கிறது. 1973-இல் பி.எம்.டபிள்யூ. 3.0 சி.எஸ்.எல். காருக்கு வந்த பெரிய பின்சிறகு ஜெர்மனியில் சாலை விதிக்கு ஒத்துவரவில்லை என்பதால், அதை டிக்கியில் போட்டே காரை விற்றார்கள், வாங்கியவர் வேண்டுமானால் மாட்டிக்கொள்ளட்டும் என்று. உங்கள் சிறகையும் அப்படியே கழற்றி மாட்டும்படி இரண்டு ஊசித் துளையில் நிறுத்திவையுங்கள். பெயின்ட் அடிக்கவும் வசதி, பிடிக்காமல் போனாலும் பிரச்சினை இல்லை.

இன்னும் ஒன்று பாக்கி, எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது. ஃபெண்டர் எவ்வளவு அகலம் என்பதைச் சக்கரத்தை வைத்தே முடிவு செய்யுங்கள். 2 மி.மீ. புடைத்த ஃபெண்டருக்குள் பழைய இடத்திலேயே சக்கரம் நின்றால், அப்பாவின் சட்டையைப் போட்ட பையன் மாதிரி இருக்கும். அச்சுக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஷீட்டில் வெட்டிய வட்டத் துண்டுகளை வைத்து முதலில் சக்கரத்தை வெளியே கொண்டுவந்து நிறுத்துங்கள். முன்சக்கரம் திரும்புகிற கிட் என்றால் முழுவதும் திருப்பியும் பாருங்கள். நான் அதைப் பார்க்கவில்லை. பெயின்ட் எல்லாம் முடிந்த பிறகுதான் வலது முன்சக்கரம் ஃபெண்டரில் இடிப்பது தெரிந்தது. அந்தக் கார் இன்னமும் அலமாரியில் இருக்கிறது, இடது பக்கத்தைக் காட்டிக்கொண்டு, சக்கரத்தை நேராக வைத்துக்கொண்டு.